இந்தத் தகவல் போதுமா?



முதலில் சென்ற வாரக் கணக்கு. √50-க்கும் √80-க்கும் இடையே எத்தனை முழு எண்கள் இருக்கின்றன என்று கேட்டிருந்தேன். √49 என்பது 7, √64 என்பது 8, √81 என்பது 9. ஆக √50, 7-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. √80, 9-ஐ எட்டவில்லை. நடுவில் இருப்பது 8 மட்டுமே. விடை: ஒன்று. 50 முதல் 80 வரை எண்ணி 29 என்று சொன்னவர்கள், வர்க்கமூலக் குறியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இந்த வாரமும் அதே குறிதான் நாயகன். கூடவே இரண்டு செங்குத்துக் கோடுகளும் வருகின்றன.

இரண்டு வாரத்துக்கு முன்பு, சனிக்கிழமை மாலை, புக்கிட் ரோத்தானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். என்னிடம் படிவம் நான்கிலும் ஐந்திலும் கூடுதல் கணிதம் படித்த பெண். இப்போது ஷா ஆலமில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும், உபகாரச் சம்பளம் கிடைத்தால்தான் போக முடியும், அதற்கு ‘ஜிமேட்’ தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும். மூன்று மாதமாகப் பயிற்சி செய்கிறாள். மற்றதெல்லாம் ஏறுகிறது, ஒரு வகைக் கேள்வியில் மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

“சார், கணக்கைப் போட்டா விடை வருது. ஆனா விடை வேணாம்னு சொல்றாங்க. அதுதான் குழப்பமா இருக்கு” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கேள்வி வகையின் பெயர் ‘டேட்டா சஃபிசியன்சி’. நம் பேச்சில் ‘தகவல் போதுமா’ கணக்கு என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் வங்கி வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இது பழக்கமான வகை. ஜிமேட் தேர்வு 2023 நவம்பரில் புதிய வடிவத்துக்கு மாறியபோது, இந்தக் கேள்விகளை ‘டேட்டா இன்சைட்ஸ்’ என்ற பகுதிக்கு நகர்த்தினார்கள். அந்தப் பகுதியில் 45 நிமிடத்தில் 20 கேள்விகள். அதாவது ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்க நேரம் கிடையாது.

கேள்வியின் அமைப்பு

ஒரு கேள்வி இருக்கும். அதன் கீழே (1), (2) என்று இரண்டு தகவல்கள் இருக்கும். நாம் சொல்ல வேண்டியது விடையை அல்ல. விடை காண இந்தத் தகவல் போதுமா என்பதை. தேர்ந்தெடுக்க ஐந்து வாய்ப்புகள் உண்டு.

ஏ – முதல் தகவல் மட்டும் போதும். இரண்டாவது மட்டும் போதாது.
பி – இரண்டாவது மட்டும் போதும். முதலாவது மட்டும் போதாது.
சி – தனித்தனியே போதாது. இரண்டும் சேர்ந்தால் போதும்.
டி – ஒவ்வொன்றும் தனியாகவே போதும்.
இ – இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

இந்த வரிசை மாறாது. மனப்பாடமாக வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். முதல் தகவலைத் தனியாகப் பாருங்கள். போதும் என்றால் விடை ஏ அல்லது டி. போதாது என்றால் பி, சி, இ மூன்றில் ஒன்று. பிறகு முதல் தகவலை அடியோடு மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் பாருங்கள். இரண்டும் தனியாகத் தோற்றால்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ‘மறப்பது’தான் கடினம். முதல் தகவலில் படித்தது மனத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டாவதைப் பார்க்கும்போது தானாகவே வந்து நிற்கும்.

அவள் வழுக்கிய கணக்கு

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். தெரியாத எண்ணுக்கு ‘க’ என்று பெயர் வைப்போம்.

க-வின் மதிப்பு என்ன?
(1) √(க²) = 5
(2) √(க + 9) = 2

அவள் டி என்று எழுதியிருந்தாள். முதல் தகவலில் வர்க்கமும் வர்க்கமூலமும் அடிபட்டு க = 5. இரண்டாவதில் இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க + 9 = 4, எனவே க = −5. இரண்டிலும் ஒரே ஒரு விடை. ஆகவே ஒவ்வொன்றும் தனியாகவே போதும்.

“இங்கே பாரும்மா, முதலாவது 5 என்று சொல்லுது, இரண்டாவது −5 என்று சொல்லுது. ஒரே க எப்படி இரண்டாகவும் இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

இந்த வகைக் கேள்விகளில் ஒரு விதி உண்டு. இரண்டு தகவல்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கவே இருக்காது. உங்கள் கணக்கில் முரண் வந்தால், கேள்வி தப்பில்லை. நீங்கள் எங்கேயோ ஒரு விடையைத் தொலைத்துவிட்டீர்கள் என்று பொருள். காசில்லாமல் கிடைக்கும் சரிபார்ப்பு இது.

அவள் தொலைத்தது −5-ஐ. −5-ஐ வர்க்கப்படுத்தினால் 25. √25 = 5. ஆகவே க = −5 என்றாலும் முதல் தகவல் உண்மையாகவே இருக்கிறது. 5, −5 இரண்டும் பொருந்துவதால் முதல் தகவல் போதாது. இரண்டாவது தகவல் −5 ஒன்றை மட்டுமே தருகிறது, அது போதும். சரியான விடை பி.

வர்க்கமும் வர்க்கமூலமும் ‘அடிபடும்’ என்று நம்மில் பலர் பழகிவிட்டோம். மிகை எண்ணுக்கு அது சரி. குறை எண்ணுக்குச் சரியில்லை. எண்ணை வர்க்கப்படுத்தும்போது கழித்தல் குறி அழிந்துவிடுகிறது. வர்க்கமூலம் எடுக்கும்போது அது திரும்பி வருவதில்லை. எஞ்சுவது எண்ணின் அளவு மட்டும்தான். அந்த அளவைத்தான் |க| என்று இரண்டு கோடுகளுக்குள் எழுதுகிறோம். தமிழ்ப் பாடநூல்களில் மட்டு மதிப்பு என்பார்கள். நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் ‘நிலாய் முத்லாக்’ என்று படிக்கிறார்கள். ஆக, √(க²) = |க|. இந்த ஒரு வரி கையில் இருந்தால் இந்த வகைக் கணக்கில் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். √25 என்று எழுதினால் அது 5 மட்டும், −5 இல்லை. ஆனால் க² = 25 என்றால் க என்பது 5 ஆகவும் இருக்கலாம், −5 ஆகவும் இருக்கலாம். √ என்ற குறி கூட்டல் எண்ணை மட்டும் தரும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வழக்கம். 1525-இல் கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் என்ற ஜெர்மன் கணித ஆசிரியர் அச்சில் கொண்டுவந்த குறியிலிருந்து வளர்ந்தது இந்த √. மட்டு மதிப்புக்கான இரண்டு கோடுகள் மிகவும் பிந்தியவை. 1841-இல் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் பயன்படுத்தத் தொடங்கினார்.

லோரி எந்தப் பக்கம்?

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா ‘தே ஓ’ கொண்டுவந்து வைத்தார். என்னைவிட மூத்தவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பது வருடம் ஓட்டியவர். அவருக்கும் புரிகிற மாதிரி ஒன்று சொல்லலாமே என்று தோன்றியது.

“அண்ணே, ஆலையில இருந்து கிராணி போன் பண்ணி, எங்க இருக்கீங்கன்னு கேக்கிறாரு. நீங்க புக்கிட் ரோத்தான்ல இருந்து ஆறு கிலோமீட்டர்னு சொல்றீங்க. அவருக்கு அது போதுமா?”

“எப்படிப் போதும்? எந்தப் பக்கம்னு கேப்பாரு.”

அவ்வளவுதான் மட்டு மதிப்பு. நேரான சாலை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். புக்கிட் ரோத்தான் 0. ஆலை இருக்கும் பக்கம் கூட்டல், எதிர்ப்பக்கம் கழித்தல். ஆலை 10-ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. லோரி நிற்கும் இடம் க.

லோரி எங்கே நிற்கிறது?
(1) புக்கிட் ரோத்தானிலிருந்து 6 கிலோமீட்டர். அதாவது |க| = 6.
(2) ஆலையிலிருந்து 4 கிலோமீட்டர். அதாவது |க − 10| = 4.

முதல் தகவலின்படி லோரி 6-இல் இருக்கலாம், அல்லது −6-இல் இருக்கலாம். போதாது. இரண்டாவதின்படி ஆலைக்கு முன்னால் 6-இல் இருக்கலாம், ஆலையைத் தாண்டி 14-இல் இருக்கலாம். அதுவும் போதாது. இரண்டையும் சேர்த்தால் இரண்டுக்கும் பொதுவான இடம் 6 மட்டும். விடை சி.

இப்போது இரண்டாவது தகவலை மட்டும் மாற்றுகிறேன். (2) க² = 36. பார்ப்பதற்குப் புதிய தகவல் மாதிரி இருக்கிறது. ஆனால் க² = 36 என்பதும் |க| = 6 என்பதும் ஒன்றேதான். வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். 6, −6 இரண்டும் அப்படியே நிற்கின்றன. விடை இ.

இதைச் சொல்லி முடித்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வாத்தியாரே, இந்தக் கணக்கு எனக்கு நடந்திருக்கு” என்றார்.

அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறிய காலம். லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நிர்வாகத்திலிருந்து இரண்டு தாள்கள் கொடுத்தார்கள். ஒன்றில், குறித்த தேதிக்குள் வீட்டைக் காலி செய்பவர்களின் வீட்டுத் தேவை பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. இன்னொன்றில், மாற்று வீடு தொடர்பான விண்ணப்பங்கள் கவனத்தில் கொள்ளப்படும் என்று இருந்தது.

“ரெண்டு தாள் இருக்கே, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்னு நெனச்சு ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டேன். எங்க வீடு, எப்போ, எத்தன பேருக்கு, யாரு காசு, எதுவும் அதுல இல்ல. ரெண்டும் ஒண்ணத்தான் சொல்லிச்சு. அது எனக்கு அப்போ தெரியல.”

வீடு கிடைக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வீடு, பிறகு அவருடைய சேமநிதிப் பணத்திலும் வங்கிக் கடனிலும் வாங்கியது. கடன் முடிய இன்னும் சில வருடம் இருக்கிறது. அவருடைய மகள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். “அப்பா, இத எங்ககிட்ட சொன்னதே இல்லையே” என்றாள். “நீ கேக்கல” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு தகவல் கொடுத்தால் அது ஒரு தகவலைவிட அதிகம் என்று எல்லோருக்கும் தோன்றும். தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் அல்ல. சேர்த்துப் பார்த்த பிறகும் எத்தனை வாய்ப்புகள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

‘ஆமாம், இல்லை’ கேள்வி

சில கேள்விகள் மதிப்பைக் கேட்காது. ஆமாவா, இல்லையா என்று கேட்கும். இங்கே ஒரு பெரிய குழப்பம் வரும். ‘நிச்சயமாக இல்லை’ என்று சொல்ல முடிந்தாலும் தகவல் போதும். ‘இல்லை’ வேறு, ‘போதாது’ வேறு. சில சமயம் ஆமாம், சில சமயம் இல்லை என்று வந்தால்தான் போதாது.

|க − 4| = 4 − க ஆகுமா?
(1) √(4 − க) ஒரு மெய்யெண்.
(2) க² < 20

கேள்வியையே முதலில் எளிமையாக்குங்கள். மட்டு மதிப்பு எப்போதும் 0 அல்லது அதற்கு மேல். ஆகவே 4 − க என்பதும் 0-க்குக் கீழே போகக் கூடாது. அதாவது, ‘க, 4-க்கு மேல் போகாமல் இருக்கிறதா?’ என்பதுதான் கேள்வி.

முதல் தகவல்: குறை எண்ணுக்கு மெய்யெண் வர்க்கமூலம் கிடையாது. ஆகவே 4 − க, 0 அல்லது அதற்கு மேல். க, 4-ஐத் தாண்டவில்லை. நிச்சயமாக ஆமாம். போதும். க-வின் மதிப்பு நமக்கு இன்னும் தெரியாது என்பதைக் கவனியுங்கள். தெரியவும் வேண்டாம்.

இரண்டாவது தகவல்: 4-இன் வர்க்கம் 16, 5-இன் வர்க்கம் 25. எனவே க, 4-க்குள்தான் என்று பலர் சொல்லிவிடுவார்கள். க முழு எண் என்று யார் சொன்னது? 4.2-இன் வர்க்கம் 17.64, அதுவும் 20-க்குக் குறைவுதான். 4.2 என்றால் விடை இல்லை. 3 என்றால் விடை ஆமாம். போதாது. ஆகவே விடை ஏ.

சோதித்துப் பார்க்க எண்களை எடுக்கும்போது 1, 2, 3 என்று மட்டும் எடுக்காதீர்கள். ஒரு குறை எண், 0, ஒரு பின்னம் அல்லது தசமம், ஒரு பெரிய எண். இந்த நான்கையும் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

குகைக்குப் போன குரங்குகள்

இதெல்லாம் அமெரிக்கத் தேர்வு கண்டுபிடித்த சங்கடம் என்று நினைக்க வேண்டாம். 1114-இல் பிறந்த பாஸ்கராச்சாரியார், ‘பீஜகணிதம்’ என்ற நூலில் இதையே ஒரு குரங்குக் கணக்காக வைத்திருக்கிறார். புக்கிட் மெலாவத்திக் குன்றுக்குப் போய்க் குரங்குகளுக்குக் கடலை கொடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பிடிபடும்.

கணக்கு இதுதான். ஒரு குரங்குக் கூட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, அதிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்துங்கள். அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒரே ஒரு குரங்கு மட்டும் வெளியே மரத்தில் தெரிகிறது. கூட்டத்தில் மொத்தம் எத்தனை?

மொத்தத்தைக் க என்று வைத்தால், (க/5 − 3)² + 1 = க. விரித்து எழுதினால் க² − 55க + 250 = 0. இதை வர்க்கமாக நிரப்பி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது: |க − 27½| = 22½. நம்முடைய லோரிக் கணக்கேதான்! 27½-இலிருந்து 22½ தூரத்தில் இருப்பவை இரண்டு எண்கள்: 50, 5.

சோதித்துப் பார்ப்போம். 50 என்றால் ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்றைக் கழித்தால் 7, வர்க்கம் 49, மரத்தில் ஒன்று, மொத்தம் 50. சரி. 5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்றைக் கழித்தால் −2, வர்க்கம் 4, மரத்தில் ஒன்று, மொத்தம் 5. எண் கணக்கில் இதுவும் சரி.

ஆனால் பாஸ்கராச்சாரியார் 5-ஐ ஏற்கவில்லை. ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கை எப்படிக் கழிப்பது? −2 குரங்குகள் என்பதை மக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். விடை 50. வர்க்கப்படுத்தியபோது −2-இன் கழித்தல் குறி மறைந்துபோனதால்தான் 5 உள்ளே நுழைந்தது. சமன்பாடு மட்டும் இருந்தால் தகவல் போதாது. கதையையும் சேர்த்துப் படித்தால் போதும். சுமார் 870 வருடத்துக்கு முன்பே ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் ஆட்கள், குலைகள், வயது, தூரம் என்று வந்தால், குறை எண்ணுக்கு இடமில்லை என்ற தகவல் எழுதாமலே உள்ளே இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம். வெறும் ‘க’ என்று வந்தால் அந்தச் சலுகை கிடையாது. குறை எண், பின்னம் எல்லாமே கதவைத் தட்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிவிட்டு வந்தது மூன்றே விஷயம். √(க²) வந்தால் உடனே |க| என்று எழுது. இரண்டு தகவலும் முரண்பட்டால் தொலைந்த விடையைத் தேடு. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எத்தனை வாய்ப்புகள் மிச்சம் என்று சின்னதாக எழுதி வை. போன வாரம் போனில் பேசினாள். இந்த வகையில் பத்துக்கு ஏழு சரியாக வருகிறதாம். முன்பு நான்குதான் வந்ததாம். மீதி மூன்றையும் பிடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய அப்பா இப்போது வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவளிடம் கொடுத்து, “இது போதுமா பாரு” என்கிறாராம்.

இந்த வாரக் கணக்கு

க, 0-ஐவிடப் பெரியதா?
(1) |க − 2| = √9
(2) √(க²) = −க

ஏ, பி, சி, டி, இ – எது? விடையை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு தகவலிலும் எந்தெந்த எண்கள் மிஞ்சுகின்றன என்பதையும் எழுதிப் பாருங்கள். ‘இல்லை’ என்பதும் ஒரு விடைதான் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த வாரம் சேர்ந்து பார்ப்போம்.